காய்ச்சல் இல்லாதவர்களின் வரிசை

1. பொடி கேட்டவர்கள்

மலாயாவில் லாயாங் லாயாங் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில், ஆஸ்பத்திரியைக் கவனிக்கும் டிரெஸராக நான் இருந்தேன். டாக்டர் மாதம் ஒருமுறை வருவார். மற்ற நாட்களில் மருந்துக்கும், நோய் விடுப்புக்கான சிக்குச் சீட்டுக்கும் நான்தான் பொறுப்பு. ஒரு திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரி வாசலில் இருபது பேர் நின்றார்கள். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை.

"தலைவலிங்க ஐயா. மிக்ஸர் தண்ணி மருந்து வேணாம், பொடியே குடுங்க" என்றான் பால்மரம் வெட்டும் முனியாண்டி.

எனக்குச் சந்தேகம் தட்டியது. அந்தக் கசப்புப் பொடியைக் கண்டாலே முகத்தைத் திருப்புகிற ஆட்கள் இவர்கள். சீட்டு வாங்கிக்கொண்டு வேலைக்கு மட்டம் போடப் பார்க்கிறார்கள் என்றே நினைத்தேன்.

2. கூடைக்குப் போன நாடகம்

அந்த ஆண்டுக் கோயில் திருவிழாவுக்கு நாடகம் எழுதித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். புருஷனைத் தேடிக் கப்பலேறி வரும் ஒருத்தியின் கதை. எழுதி மேடையில் பார்க்க எனக்குக் கொள்ளை ஆசை. ஆனால் நாலு வரி எழுதினால் போதும், "புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவனுக்கு நாடகம் ஒரு கேடா?" என்று உள்ளே ஒரு குரல் கேட்கும். குறுக்கே கோடு கிழித்து, கசக்கி ஆஸ்பத்திரி மேசையடிக் கூடையில் போடுவேன். திருவிழாவுக்கு மூன்று வாரமே இருந்தது. முடியாது என்று சொல்லிவிடத் தீர்மானித்தேன்.

அந்த வாரம்தான் வரிசையில் நின்ற ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது காதில் விழுந்தது: "கடலுக்கு வாசல் ஏது, எங்க போய்த் தட்டுவேன்?"

நான் எழுதி அடித்துப் போட்ட வரி அது. உடம்பெல்லாம் கூசியது. யாரோ திருடிப் படித்துக்காட்ட, தோட்டமே என்னைக் கேலி செய்கிறது என்று நினைத்தேன். என் சந்தேகம் தோட்ட ஆபீசின் தலைமை எழுத்தரான பெரிய கிராணி மேல் போனது. சிங்கப்பூரில் படித்தவர், என் தமிழைக் கேட்டாலே உதட்டைச் சுழிப்பார். கூடையைப் பார்த்தேன், காலி.

"இதுல இருந்த காகிதம் எங்க மரியம்மா?" என்று ஆயாவை அதட்டினேன்.

"நல்லா கேட்டீங்க. ஆபீசுல காகிதம் குடுக்கறத நிறுத்தி ஒரு மாசமாச்சு. நீங்க கசக்கிப் போடறத நீவித்தான் பொடி மடிக்கிறேன். ஐயோ அலமாக், எனக்கு என்ன படிக்கவா தெரியும்?"

3. கோடு கிழித்த இடம்

சாயங்காலம் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் போனேன். முனியாண்டி வீட்டுச் சுவரில் பொட்டலக் காகிதங்களைச் சோற்றுப் பசையால் வரிசையாக ஒட்டியிருந்தார்கள். அவன் உரக்கப் படிக்க, பத்துப் பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கோடு போட்ட எடத்த ரெண்டு தரம் படிப்போங்க ஐயா. நீங்க மெனக்கெட்டுக் கோடு போட்டிருந்தா முக்கியமாத்தானே இருக்கும்? நடுவுலதான் சில துண்டு கெடைக்கல."

அப்போதும் நான் நம்பவில்லை. சீட்டுக்காகக் காக்காய் பிடிக்கிறார்கள் என்று நினைத்தேன். "நாளையிலேருந்து பொடி உண்டு, சீட்டு கெடையாது" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை ஒருவரும் வரவில்லை. பார்த்தாயா என்றது உள்ளே இருந்த குரல். எனக்கு அழுகை வந்தது, சொல்ல வெட்கமில்லை. பிற்பகல் வேலை முடிந்து ரப்பர் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு, கைகூடக் கழுவாமல் எல்லோரும் வந்து வரிசையில் நின்றார்கள். முதலில் நின்றவள் அந்தக் கடல் வரியைச் சொன்னவள். பொட்டலத்தை நீட்டினேன். பிரித்தாள், பொடியை என் மேசைத் தட்டில் கொட்டினாள், காகிதத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"பொடி உங்களுக்கே இருக்கட்டும் ஐயா. அவ கப்பல விட்டு எறங்கினாளா இல்லையா, அத மட்டும் எழுதிருங்க."

அன்று மாலையே உட்கார்ந்து அவளைக் கரையில் இறக்கினேன். எழுத வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: பழிக்கிற அந்தக் குரல் எனக்கு இன்றும் கேட்கிறது, கேட்டுவிட்டுப் போகட்டும். வேலை முடிந்த களைப்போடு வந்து வரிசையில் நின்றவர்களைத்தான் நான் நம்புகிறேன்.