தனியாத் தெரியுது

ஒலிப்பதிவுக் கூடத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் பொத்தானை அழுத்தி, “ரெண்டாவதா நிக்கிற அம்மா, கொஞ்சம் தனியாத் தெரியுது” என்று சொன்னால் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். கோரஸ் பாடுகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய குறை கிடையாது. நாலு பேர் ஒரே மைக்கைச் சுற்றி நிற்போம். வெளியே போகும்போது அது ஒரே குரலாகப் போக வேண்டும். அந்தச் சொல் காதில் விழுந்ததும் நான் அரை அடி பின்னால் தள்ளி நிற்பேன். அது போதாதோ என்று இன்னும் கொஞ்சம். ஒருமுறை அப்படியே தள்ளித் தள்ளிக் கதவில் முதுகு இடித்துவிட்டது. “அவ்ளோ பின்னாடி வேணாம்மா, ரோட்டுக்கே போயிடுவீங்க போல” என்றார் அவர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த பாட்டுக்குக் கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று வீட்டுக்கு வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.

பின்னால் நின்று பாடுவது எனக்குச் சென்னையில் வந்த பழக்கம் இல்லை. அக்காவுக்குப் பின்னால் நின்று வந்தது.

மூங்கில்துறைப்பட்டுச் சர்க்கரை ஆலைக்கு அப்பா வண்டி ஓட்டினார். கரும்பும் அவருடையதில்லை, வண்டியும் அவருடையதில்லை, மாடும் அவருடையதில்லை. அரவை நடக்கும் மாதங்களில் ஆலை வாசலிலிருந்து சாலை நெடுக வண்டிகள் நிற்கும். டிராக்டர்களும் அதே வரிசைதான். காலையில் போய் நின்றால் எப்போது உள்ளே விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அப்பாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு நானும் அக்காவும் போவோம். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை அக்கா வண்டியின் நுகத்தடியில் சாய்ந்துகொண்டு பாடுவாள். எனக்கு ஆட்கள் பார்த்தாலே பாட வராது. அதனால் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, அவள் பின்னலின் நுனியைப் பிடித்துக்கொண்டு, அவள் விட்ட இடத்தில் சேர்ந்துகொள்வேன்.

“ஏ பொண்ணு, இன்னொண்ணு எடுத்து வுடு. வண்டி நவுர்ற வரைக்கும் பொழுது போவணும்ல” என்பார் பக்கத்து வண்டிக்காரர்.

“பின்னால ஒண்ணு மொனவுதே, அது யாரு?” என்பார் இன்னொருவர்.

“அது என் தங்கச்சிங்க. நான் பாடுனா அது பாட்டுக்குப் பின்னால வரும்.”

உண்மையில் அப்படித்தான். அவள் போனால் நான் போவேன். எட்டாவதோடு என் பள்ளிக்கூடம் நின்றதுகூட அவள் நின்றுவிட்டாள் என்பதால்தான். அவள் கரும்பு வெட்டப் போனபின் தனியாகப் பள்ளிக்கூடம் போக எனக்குப் பயமாக இருந்தது.

கள்ளக்குறிச்சியில் ஆர்க்கெஸ்ட்ரா நடத்திக்கொண்டிருந்த ஒருவர் ஒரு நாள் அந்த வண்டி வரிசையில் எங்கள் பாட்டைக் கேட்டார். அவர் பைக் ஒரு டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தது. மறுவாரம் எங்கள் வீட்டுக்கு வந்து, “பெரிய பொண்ணு முன்னாடி பாடட்டும், சின்னது கோரஸ்ல நிக்கட்டும், பத்திரமா கூட்டினு போய்க் கூட்டியாந்து வுட்டுடுறேங்க” என்றார். அதற்குள் அக்காவுக்கு வெள்ளிமலையில் மளிகைக்கடை வைத்திருந்தவரோடு பேசி முடித்திருந்தது. பெரியவளைக் கேட்டு வந்தவர் சின்னவளை மட்டும் அழைத்துக்கொண்டு போனார். அக்கா மலைக்கு ஏறினாள். நான் வேனில் ஏறினேன்.

கோவில் திருவிழா மேடைகளில் சில வருடம் பாடினேன். பிறகு அதே ஆர்க்கெஸ்ட்ராவில் பாடிய ஒரு பெண்மணி சென்னைக்குப் போய், என்னையும் கோரஸுக்குக் கூப்பிட்டுக்கொண்டார். சாமிப் பாட்டுக் கேசட், விளம்பரம், எப்போதாவது சினிமா. எங்களுக்குப் பாட்டுச் சொல்லித் தந்து, கை காட்டி நடத்துகிறவரைக் கண்டக்டர் என்பார்கள். அதை அக்காவிடம் சொன்னபோது அவள், “பாட்டுல கூடக் கண்டக்டரா? டிக்கெட் குடுப்பாராடீ?” என்று கேட்டாள்.

அவரிடம்தான் அந்த வேலையின் நுணுக்கங்களைக் கற்றேன். வரியில் ‘ச’ வந்தால் ஒருத்தி மட்டும் அதை அழுத்திச் சொல்வாள், மற்றவர்கள் வாயைத் திறந்து மெல்ல விட்டுவிடுவோம். எல்லாரும் சொன்னால் காய்ந்த எண்ணெயில் கடுகு விழுந்தமாதிரி ஆகிவிடும். மூச்சையும் ஒன்றாக எடுக்கக்கூடாது. ஒருத்தி எடுக்கும்போது இன்னொருத்தி தாங்க வேண்டும். இதெல்லாம் எனக்குச் சுலபமாக வந்தது. கஷ்டப்படுத்தியது ஒரே ஒரு சொல். வீடு.

எங்கள் ஊரில் யாரும் அதை அப்படிச் சொன்னதில்லை. எங்களுக்கு அது வூடு. பாட்டில் அந்தச் சொல் வருகிறது என்று தெரிந்தால் அதற்கு முந்தைய வரியிலிருந்தே எனக்குப் பயம் வந்துவிடும். பேருந்தில் போகும்போதும் சோறு வடிக்கும்போதும் வீடு வீடு என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அப்படியும் ஒரு அம்மன் பாட்டில், ‘எங்கள் வீடு தேடி வந்தாய் அம்மா’ என்ற இடத்தில் வாய் தவறிவிட்டது. மற்ற மூன்று பேர் வீடு என்று பாடினார்கள். நான் வூடு என்று பாடினேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, “ஓகே, அடுத்தது” என்று குரல் வந்தது. சொல்வதா வேண்டாமா என்று நான் முழித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த பாட்டு ஆரம்பித்துவிட்டது. கேசட் கடைக்கு வந்தது. ஒலிபெருக்கியில் அந்தப் பாட்டு கேட்கும் தெருவாக இருந்தால் நான் அடுத்த தெருவில் திரும்பிவிடுவேன்.

அந்த வருடம் ஆடி மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றவில்லை, அவள் ஆரம்பித்துவிட்டாள்.

“உன்ன பஸ்ல கேட்டேன்டீ!”

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக மலைக்கு வரும் பேருந்தில் ஓட்டுநர் அந்தக் கேசட்டைப் போட்டிருக்கிறார். வளைவில் பேருந்து திரும்பிக்கொண்டிருக்கும்போது இவள் எழுந்து நின்று, அது என் தங்கச்சி, அது என் தங்கச்சி என்று கத்தியிருக்கிறாள்.

“டிரைவரு கேட்டாரு, நாலு பேரு கத்துறாங்க, இதுல எதும்மா உன் தங்கச்சின்னு. வூடுன்னு சொல்றா பாருங்க, அதான்னேன். மறுபடி ஓட்டிப் போட்டுக் கேட்டாங்கடீ பஸ்ஸே. ஒருத்தருக்கும் கேக்கல. எனக்கு மட்டும் கேட்டுது.”

“யார்கிட்டயும் சொல்லாதக்கா, வேலை போயிடும்” என்றேன்.

“போடி பைத்தியம்” என்றாள் அவள்.

அன்றைக்கு அது பயமாக மட்டும்தான் இருந்தது. பிறகு சென்னையில் தனியாக இருந்த வருடங்களில் அதை நினைத்து நினைத்து ஏங்கியிருக்கிறேன். அத்தனை பாட்டுகளில், அத்தனை குரல்களுக்கு நடுவில், நான் நானாக ஒருவர் காதில் விழுந்தது அந்த ஒரு தடவைதான்.

அப்புறம் ஒருத்தியையே நாலு தடவை பாடவைத்து நாலு பேராக ஆக்கிக்கொள்ளும் வசதி வந்தது. கோரஸுக்குக் கூப்பிடுவது கம்மியாகி, பிறகு நின்றே போனது. நான் கள்ளக்குறிச்சிக்குத் திரும்பிவிட்டேன். சும்மா இருந்தால் என்னென்னவோ கவலை வருகிறது என்று நானே பாட்டுக் கட்ட ஆரம்பித்தேன். சமைக்கும்போது வருகிற மெட்டைப் போனில் முணுமுணுத்து வைத்துக்கொள்வேன். பழைய ஆர்க்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசித்த தம்பி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு அறை வைத்திருக்கிறார். அவர் இசை சேர்த்து இணையத்தில் ஏற்றிவிடுவார். கேட்கிறவர்கள் கொஞ்சம்பேர். யாராவது ஏதாவது எழுதினால் திட்டியிருப்பார்களோ என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் படிப்பேன்.

அப்படி நான் கட்டியதில் ஒன்று அந்தக் கரும்பு வண்டி வரிசையைப் பற்றியது.

*வரிசை நவுரல, வண்டி நவுரல,*
*வூடு மட்டும் கண்ணுக்குள்ள நவுந்து வருதே.*

இதில் வூடு என்று தைரியமாகவே வைத்தேன். என் பாட்டில் என்னைத் திருத்த யார் இருக்கிறார்கள்? பதிவு செய்து முடித்ததும் கீபோர்டுத் தம்பி ஹெட்போனைக் கழற்றிக் கீழே வைத்தார்.

“நல்லா இல்லியா தம்பி?”

“நல்லா கீதுக்கா. ஆனா முன்னால யாருமே இல்ல. நீங்க இன்னும் கோரஸ் பாடிக்கினு கீறீங்க.”

போட்டுக் காட்டினார். அவர் சொன்னது சரிதான். ஒவ்வொரு வரியிலும் ஒரு நூலளவு தாமதித்துச் சேர்கிறேன். வேறு யாரோ தொடங்கிவிட்டதுபோல. நான் அக்காவுக்கு இடம் விட்டுப் பாடியிருக்கிறேன். அது தெரிந்தபின் அந்தப் பாட்டில் வேறு எந்தக் குரலையும் என்னால் நினைக்க முடியவில்லை. அவளைப் பாடவைத்துவிட வேண்டும், அவள் பின்னால் நான் ஒரு தடவை போய்விட வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

போனில் கேட்டேன். “பாட்டா? எனக்கு இன்னாடீ தெரியும்? பருப்பு வெல கேளு, சொல்றேன்” என்றாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் பாடியதே இல்லை. மாமா ஒன்றும் தடுத்தவரில்லை. “பாடேன், யாரு வேணாம்னது” என்றுதான் சொல்வார். அப்படி ஒருவர் அனுமதி கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும்போது அவளுக்குப் பாட்டு வரவில்லை போலிருக்கிறது.

அதனால் நானே போனையும் ஒரு சின்ன மைக்கையும் எடுத்துக்கொண்டு மலைக்குப் போனேன். வளைவுக்கு வளைவு கண்ணை மூடிக்கொண்டு. பேருந்து கவிழ்ந்துவிடுமோ என்ற பயம் பாதி, அவள் மாட்டேன் என்றுவிடுவாளோ என்ற பயம் பாதி.

மத்தியானம், மாமா தூங்கப் போனபின், கடைக்குப் பின்கட்டில் உட்கார்ந்தோம். சாமை மூட்டையும் புளி மூட்டையும் சுவர் முழுக்க அடுக்கியிருந்தன. குரல் எதிரொலிக்காமல் அடங்கி நிற்கும் இடம். சென்னையில்கூட அப்படி ஒரு அறை அமைவது கஷ்டம். ஃபிரிட்ஜ் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. அதை அணைக்கச் சொன்னேன்.

“மோரு பாக்கெட்டு கெட்டுப் போயிடும்டீ.”

“ஒரே பாட்டுக்கா.”

“அந்தக் காலத்துலயும் இப்டித்தான் சொல்லுவ” என்று அணைத்தாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு என் பாட்டைக் கேட்டாள். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு, “நீ பாக்காத” என்றாள்.

நான் அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன். பின்னல் இல்லை, சின்னதாக ஒரு கொண்டை. பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாமல் மூட்டையின் காதைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் பாடினாள். குரல் கீழே இறங்கியிருந்தது, சுமையை இறக்கிவைத்து உட்கார்ந்துவிட்டவர்களின் குரல்போல. ஆனால் வரியைப் பிடிக்கும் விதம் அப்படியே இருந்தது. யாரையும் கேட்காமல் நேராக உள்ளே போகிற அந்த விதம். ‘வரிசை நவுரல, வண்டி நவுரல.’ எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அடுத்த வரியில் அவள் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல, ‘வீடு மட்டும்’ என்று பாடினாள்.

வரி முடிந்தது. கடை வாசலில் ஒரு குரல், “அக்கோவ், சோப்பு வேணும்” என்றது.

“இரு, வரேன்” என்று எழுந்து போய்விட்டாள்.

திரும்பி வந்ததும் கேட்டேன். “இன்னாக்கா, வீடுன்ற?”

“ரெக்கார்டிங்குல போயி வூடுன்னா சிரிக்க மாட்டாங்க? நீதான் மெட்ராஸ்ல வீடு வீடுன்னு சொல்லிப் பழகினவ. உன் பேரு கெட்டுடக் கூடாதுல்ல.”

“பாட்டுல வூடுன்னுதானக்கா கீது...”

“நீ மறந்து பாடிட்டியோன்னு நெனச்சேன். அம்மன் பாட்டுல பாடுனியே, அது மாதிரி.”

“மீதியும் பாடுக்கா” என்றேன். அவள் ஃபிரிட்ஜைப் போட்டுவிட்டாள். “போதும்டீ. மூச்சு வாங்குது. அந்தாண்ட பாரு, ஆளுங்க வந்துட்டாங்க.” உண்மையிலேயே வந்திருந்தார்கள். சாயங்காலப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. அடுத்த தடவை முழுக்கப் பாடுவதாகச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் சொல்கிறாள்.

கள்ளக்குறிச்சிக்கு வந்து அவள் பாடிய இரண்டு வரியைப் பாட்டில் அதன் இடத்தில் வைத்தோம். அவள் முன்னால், நான் பின்னால். கீபோர்டுத் தம்பி நெற்றியைச் சுருக்கினார்.

“அவங்க வீடுன்றாங்க, நீங்க வூடுன்றீங்க. ஒட்டலக்கா. தனியாத் தெரியுது. வெட்டிடவா?”

“தெரியட்டும் தம்பி” என்றேன். வாழ்க்கையில் ஒருவருக்கு நான் அப்படிப் பதில் சொன்னது அதுவே முதல் தடவை. சொல்லிவிட்டு, கோபித்துக்கொள்வாரோ என்று உடனே அவருக்கு டீ வாங்கிவரப் போனேன்.

மீதி வரிகளை நானே முன்னால் நின்று பாட வேண்டியதாயிற்று. இப்போதும் தூக்கம் வராவிட்டால் அந்தப் பாட்டைப் போட்டுக் கேட்பேன். அக்கா வருகிற இடம் வந்ததும் என்னை அறியாமல் ஒரு அடி பின்னால் நகர்ந்து, அவள் பின்னால் சேர்ந்துகொள்வேன். அந்த நேரத்துக்கு எனக்கு எந்தப் பயமும் இருக்காது. அந்த இரண்டு வரி சீக்கிரமே முடிந்துவிடுகிறது. மறுபடி நான்தான் முன்னால் போக வேண்டியிருக்கிறது.