சீருக்கு வைத்த லேப்டாப்

புதுப் பிளாஸ்டிக்கின் வாசனை எங்கள் வீட்டில் அதுவரை வீசியதில்லை. கருவாடும் ஈர வலையும் மணக்கும் அந்தத் தருவைகுளத்து வீட்டில், பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பை நான் பையிலிருந்து எடுத்ததும், அக்கா ஜெனிட்டா அதைக் குனிந்து முகர்ந்துவிட்டுச் சிரித்தாள். அப்பா தொடக்கூட இல்லை. "புதுசு கலையாம பீரோவுல வச்சுப் பூட்டு. பெரியவ கல்யாணத்துல சீரோட சேத்துக் குடுத்துரலாம்" என்று சொல்லிவிட்டுக் கடற்கரைக்குக் கிளம்பினார்.

அம்மா இறந்த பிறகு பீரோச் சாவி அக்காவிடம்தான் இருந்தது. பள்ளி முடிந்ததும், 'படிச்சது போதும்' என்று அப்பா என்னை வீட்டில் நிறுத்திவிட்டார். நானோ கம்ப்யூட்டர் படிப்பில் சேர்ந்தே தீருவது என்றிருந்தேன். அப்பாவின் வள்ளம் கடலில் இறங்கியதும் அக்கா சாவியை நீட்டுவாள்.

"எடுத்துப் படிளா. அப்பா கரைக்கு வாரதுக்குள்ள வச்சிரணும்."

மாப்பிள்ளையூரணியில் எல்லோரும் 'நெட்டுக் கடை' என்று சொன்ன பிரவுசிங் சென்டரில் பென் டிரைவில் ஏற்றி வந்த பாடங்களைப் போட்டு, புரியாத இடங்களைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, விரல் வலிக்கும்வரை தட்டிக்கொண்டிருப்பேன். அக்கா பக்கத்தில் மீன் ஆய்ந்துகொண்டிருப்பாள்.

மறுவருடம் அக்காவுக்கு மாப்பிள்ளை அமைந்தது. மாப்பிள்ளையின் தாயார் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, சீர்ச் சாமான்களைக் காட்டிய அப்பா பெருமையாக லேப்டாப்பையும் கொண்டுவந்து திறந்தார். பொத்தான்களில் பாதி எழுத்து அழிந்து, வழவழவென்று தேய்ந்திருந்தது.

"புதுசுன்னுல்லா சொன்னிய, அண்ணாச்சி?" என்றார் அந்த அம்மாள்.

என்னால் அக்காவின் கல்யாணம் நின்றுவிடுமோ என்று பயந்தேன். ஆனாலும் மறைக்கத் தோன்றவில்லை.

"நாந்தாம்ப்பா. தெனமும் எடுத்துப் படிச்சேன்."

"சாவி குடுத்தது நான்" என்று அக்கா அடுப்படியிலிருந்து வந்து என் பக்கத்தில் நின்றாள்.

அப்பா தேய்ந்த பொத்தான்களைக் கட்டைவிரலால் தடவினார். இன்னொரு தடவை தடவினார். பிறகு மூடியை மெல்லச் சாத்தி, என் மடியில் வைத்தார்.

"சின்னவ படிச்சுத் தேஞ்சிருக்கு, தங்கச்சி. இது இங்கனயே இருக்கட்டும். வேற என்ன செய்யணும்னு சொல்லுங்க."

"ஒண்ணும் வேண்டாம். கவருமெண்டுல படிக்கத்தான குடுத்தாவ, படிக்கட்டும்" என்றார் அந்த அம்மாள்.

அவரை அனுப்பிவிட்டுத் திரும்பிய அப்பா வாசலிலேயே நின்று, "ஏளா, காலேஜ் எப்பத் தொறக்காவ?" என்று கேட்டார்.

இப்போது துறைமுகத்தை ஒட்டிய ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் மென்பொருள் எழுதுகிறேன். அப்பா இல்லை. நெட்டுக் கடை இருந்த இடத்தில் புரோட்டாக் கடை நடக்கிறது. உப்புக் காற்று தின்றது போக மிஞ்சிய அந்த லேப்டாப்பும் பழைய இரும்போடு போய்விட்டது. போன மாதம் அக்கா, தன் கருவாட்டு வியாபாரத்தை வெளியூர்களுக்கும் கொண்டுபோவதற்காக, சொந்தமாக ஒரு லேப்டாப் வாங்கினாள். உதவலாமென்று நான் கையை நீட்டினேன்.

"நீ தொடாத" என்றாள். "எங்கன அமுக்கணும்னு மட்டும் சொல்லு."