கறுப்புப் பெட்டி மேல் குத்துவிளக்கு

எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் ஆண்டறிக்கையில் பொய் எழுதியிருக்கிறார். தெரியாமல் எழுதவில்லை. உண்மை என்னவென்று நான் அவர் முகத்துக்கு நேராகச் சொன்ன பிறகு எழுதியிருக்கிறார். 'டொராண்டோவிலிருந்து வந்த ஒலிக்குழுவின் கவனக்குறைவால் நிகழ்ச்சி சிறிது நேரம் தடைப்பட்டது' என்று ஒரு வரி. கவனக்குறைவு அவர்களுடையது அல்ல. என்னுடையது.

போன வருடம் தீபாவளிக்கு அடுத்த சனிக்கிழமை, டெக்சாஸில் சுகர் லேண்டில், ஒரு ஹைஸ்கூல் ஆடிட்டோரியத்தில் நடந்தது இது. சென்னையிலிருந்து ஒரு பெரிய பாடகர் வந்திருந்தார். டொராண்டோ, நியூ ஜெர்சி முடித்துவிட்டு எங்கள் ஊர். அடுத்த வாரம் கலிபோர்னியாவில் சான் ரமோன். எனக்கு மேடை அலங்காரப் பொறுப்பு. பத்து வருடமாக நான்தான் செய்கிறேன். வேறு யாரையும் தொடவிடமாட்டாள் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அது சரிதான், விடமாட்டேன்.

காலை பத்து மணிக்குப் பூச்சரங்களைத் தூக்கிக்கொண்டு போனேன். மேடையில் கறுப்பு பேன்ட், கறுப்பு டீ ஷர்ட் போட்ட ஒரு பெண்மணி மண்டியிட்டுக் கேபிள்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். நரைத்த முடியை இறுக்கிக் கட்டியிருந்தார். பாடகரோடு வந்த உதவியாள் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். பாடகரின் பட்டு வேட்டி கசங்கியிருக்கிறது என்று யாரோ என் கையில் கொடுத்திருந்தார்கள்.

"அக்கா, இதைக் கொஞ்சம் அயர்ன் பண்ணிடுங்க. ஆமா, உங்க சவுண்ட் இன்ஜினியர் எப்ப வருவார்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "வேட்டி அயர்ன் பண்ண எனக்கும் தெரியும் தங்கச்சி. ஆனா நான் அதுக்குப் போனா உங்கட சவுண்ட் இன்ஜினியர் வரமாட்டார்."

அந்த சவுண்ட் இன்ஜினியரே இவர்தான் என்று இரண்டு நொடி கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. வேட்டியை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டேன்.

மேடையின் முன் ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. பாட்டுக்கும் வாத்தியங்களுக்கும் வைத்த எல்லா மைக்கும் அந்தப் பெட்டிக்குத்தான் வரும். அங்கிருந்து ஒரே ஒரு கேபிள் அரங்கின் பின்னால், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சருக்குப் போகும். அது செத்தால் மொத்தக் கச்சேரியும் செத்தது. இதெல்லாம் இப்போது தெரியும். அன்று எனக்குத் தெரிந்தது, அது அசிங்கமாக இருக்கிறது, எல்லா போட்டோவிலும் விழும் என்பது மட்டும்தான். தொடாதீர்கள் என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதி அதன்மேல் ஒட்டியிருந்தார்கள். அவர் சாப்பிடப் போன நேரம் பார்த்து, அந்த எழுத்தின் மேலேயே ஒரு பட்டுப்புடவையை மடித்துப் போர்த்தினேன். குத்துவிளக்கு வைக்க அளவெடுத்துச் செய்ததுபோல இருந்தது. வைத்தேன். சுடர் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று எண்ணெயைத் தளும்பத் தளும்ப ஊற்றினேன். சாப்பிட்டு வந்தவர் நேராகப் பின்னால் மிக்சருக்குப் போய்விட்டார், அங்கிருந்து பார்த்தால் ஏதோ அலங்கார மேடை போலத்தான் தெரிந்திருக்கும்.

மூன்று மணிக்கு நிகழ்ச்சி. பள்ளிக்கூடத்தில் நெருப்புக்கு ஐந்து நிமிடம்தான் அனுமதி. எங்களுக்கோ ஒன்பது ஸ்பான்சர்கள், ஒன்பது பேருக்கும் மனைவிகள், எல்லாருக்கும் ஒரு திரி ஏற்றி ஒரு போட்டோ. ஆறாவது நிமிடம் பள்ளி ஊழியர் கைக்கடிகாரத்தைக் காட்ட ஆரம்பித்தார். வாயால் ஊதி அணைக்க மனம் வருமா? பூவை வைத்துக் குளிர வைத்தேன். அவசரத்தில் கை இடித்து விளக்கு சாய்ந்தது. விழவில்லை, பிடித்துவிட்டேன். ஆனால் பாதி எண்ணெய் புடவையில் இறங்கிவிட்டது. புடவையின் அடியில் பெட்டிக்குக் காற்றுப் போகும் ஓட்டைகள் இருந்தன. விளக்கை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, ஈரப் புடவையை அப்படியே விட்டுவிட்டுத் திரைக்குப் பின்னால் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல ஒன்றுமில்லை என்று நினைத்தேன்.

இரண்டாவது பாட்டில் கரகரவென்று சத்தம் வந்தது. மூன்றாவது பாட்டின் பாதியில் எல்லாம் நின்றுவிட்டது. பாடகர் வாயைத் திறந்து மூடுகிறார், ஒன்றும் கேட்கவில்லை. அறுநூறு பேர் கூச்சல். விசில்.

மேடை ஓரத்தில் பேச்சாளர் மைக் ஒன்று, பள்ளிக்கூடத்துடையது, தனி இணைப்பு. அது மட்டும் வேலை செய்தது. தலைவர் அதைப் பிடித்துக்கொண்டார். "ஆடியன்ஸ் கொஞ்சம் பொறுத்துக்கணும். டொராண்டோலேர்ந்து வந்த சவுண்ட் டீம் சொதப்பிட்டாங்க. நாங்க டாப் குவாலிட்டி கேட்டுத்தான் புக் பண்ணினோம்." கூட்டம் ஊ என்று கத்தியது.

அந்தப் பெண்மணி பின்னாலிருந்து ஓடி வந்து புடவையைத் தூக்கினார். எண்ணெய் சொட்டியது. பெட்டி கொதித்துக்கொண்டிருந்தது. நான் இரண்டடி தள்ளி நின்றேன். அவர் புடவையைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். மணிக்கட்டு வரை எண்ணெய்.

அதற்குள் பாடகரின் டூர் மேனேஜர் வந்துவிட்டார். சென்னைக்காரர், முப்பது வயதிருக்கும். "அக்கா, இது முடிஞ்ச கதை. சான் ரமோனுக்கு நான் லோக்கல்ல ஆள் பாத்துக்கறேன். நீங்க நாளைக்கே டொராண்டோ கிளம்பிடுங்க."

என்னைக் கைகாட்ட அந்தப் பெண்மணிக்கு ஒரு நொடி போதும். காட்டவில்லை. "சரி, அதைப் பிறகு பாப்பம். இப்ப எனக்கு இருபது நிமிஷம் தாங்கோ" என்றார். என் பக்கம் திரும்பி, "தங்கச்சி, கையைத் துடைச்சுப்போட்டு இந்த டார்ச்சைப் பிடியுங்கோ."

நானும் வாய் திறக்கவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னைக் குடைகிறது. டார்ச்சைப் பிடித்தேன், வாயை மூடிக்கொண்டேன்.

அவருடைய சாமான் பெட்டி ஒன்றின் அடியில் பழைய கேபிள் கட்டு ஒன்று இருந்தது, முழங்கை தடிமனில். கறுப்புப் பெட்டி இல்லாமலே மைக்குகளை மிக்சரோடு சேர்க்கும், ஆனால் எட்டு மைக்குக்கு மேல் தாங்காது. அதை மேடையிலிருந்து பின்னால் மிக்சர் வரை, ஜனங்களுக்கு நடுவே, நடைபாதையில் இழுத்துக்கொண்டு போக வேண்டும். அவர் முன்னால், பட்டுப்புடவை கட்டிய நான் பின்னால், குனிந்து குனிந்து டேப் ஒட்டிக்கொண்டே.

"என்னக்கா, வீட்டுக்கு வீடு கேபிள் கனெக்ஷன் குடுக்கறீங்களா?" என்று ஒருவர் கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். நானாக இருந்தால் அந்த ஆளை நன்றாகத் திட்டியிருப்பேன். அந்தப் பெண்மணியோ, "ஓம் அண்ணை, உங்கட காலைத் தூக்கினா உங்களுக்கும் ஒண்டு தாறன்" என்றார். அந்த ஆள் காலைத் தூக்கிக்கொண்டார்.

பாதி வழியில், குனிந்தபடியே, "அக்கா, அந்த எண்ணெய்..." என்று ஆரம்பித்தேன்.

"பிறகு" என்றார். "நிகழ்ச்சி நடக்கேக்க ஆர் பிழை எண்டு கதைக்கிறேல்லை. முடிஞ்ச பிறகு கட்டாயம் கதைக்கோணும்."

எட்டு மைக்கையும் அவரே பங்கிட்டார். டிரம்ஸ் வாசிப்பவர் தனக்கு ஒன்றும் இல்லையா என்று கேட்டார். "உங்களுக்கு எதுக்கு மைக் தம்பி? நீங்கள் அடிக்கிறது இஞ்சயிருந்து கனடா வரைக்கும் கேக்குது." மேடையில் எல்லாரும் சிரித்தார்கள். பாடகரும் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் மேடை இறுக்கம் கழன்றது.

இருபத்திரண்டாவது நிமிடம் சத்தம் வந்தது. சும்மா சொல்லவில்லை, முன்பைவிட நன்றாக வந்தது. வாத்தியங்கள் குறைந்ததால் பாட்டின் ஒவ்வொரு சொல்லும் கேட்டது. கடைசிப் பாட்டுக்கு மொத்தக் கூட்டமும் எழுந்து நின்றது. பிறகு எல்லாருக்கும் பொன்னாடை. பார்க்கிங் பார்த்தவருக்கு உண்டு, சாம்பார் ஸ்பான்சருக்கு உண்டு. மிக்சர் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை.

நான் தலைவரிடம் போனேன். பெட்டி மேல் விளக்கு வைத்தது நான், எண்ணெய் கொட்டியது நான், மேடையில் சொல்லுங்கள் என்றேன். அவர் சிரித்தார்.

"விடுங்கம்மா. விளக்கு ஏத்தினது பூரா ஸ்பான்சர்ஸ். விளக்காலதான் ப்ராப்ளம்னா அவங்க ஃபீல் பண்ணுவாங்க. அந்தம்மா நாளைக்கு ஃப்ளைட் ஏறிடுவாங்க, நாமதானே இங்க இருக்கப்போறோம்?"

என் கணவரும் காதைக் கடித்தார். "எதுக்கு வம்பு? அடுத்த வருஷம் உன்னை கமிட்டிலேர்ந்து தூக்கிடுவாங்க." தூக்கட்டும் என்றேன்.

பின்வாசலில் வேனில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். டூர் மேனேஜர் முன்னால் எண்ணெய்ப் புடவையைத் தூக்கிப் பிடித்தேன். "தம்பி, பெட்டியைக் கெடுத்தது நான். இந்தா பாருங்க. தொடாதேன்னு எழுதியிருந்தாங்க, அது மேலயே வெச்சேன். உங்க டூர்ல ஆளை மாத்தறதா இருந்தா எங்க ஊரை மாத்துங்க, இவங்களை மாத்தாதீங்க." அவர் புடவையைப் பார்த்தார், அந்தப் பெண்மணியைப் பார்த்தார். "அப்பவே சொல்லியிருக்கலாமேக்கா?" என்று அவரிடம் கேட்டார்.

"சொல்லியிருந்தா நீங்கள் இவவோட சண்டை பிடிச்சுக்கொண்டு நிப்பீங்கள். எனக்கு டார்ச் பிடிக்க ஆள் இல்லாமப் போயிருக்கும்."

சான் ரமோனுக்கு அந்தப் பெண்மணிதான் போனார். அடுத்த இரண்டு ஊருக்கும் அவரே போனார்.

வேன் கிளம்புமுன் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். முப்பத்தொரு வருடமாக இதே தொழில். இலங்கையில் போருக்குத் தப்பி டொராண்டோ வந்து, ஒரு ஹாலில் துப்புரவு வேலையில் இருந்தபோது, மைக் சுத்தம் செய்யக் கேட்டிருக்கிறார்கள். அங்கே ஆரம்பம். வெள்ளைக்காரக் குழுக்களோடு பனியில் வேனில் கனடா முழுக்கப் போயிருக்கிறார். சர்ச் பாட்டு, கல்யாணம், அரங்கேற்றம், பெரிய திருவிழா எல்லாம் பார்த்திருக்கிறார். எப்படி இத்தனை வருடம் தாக்குப்பிடித்தீர்கள் என்று கேட்டேன்.

"நான் தொடங்கேக்க மேடையில நிண்ட கனபேர் இப்ப இல்லை. நான் நிக்கிறன். என்னை ஒருத்தரும் பாக்கேல்லை, அதால ஒருத்தருக்கும் அலுக்கேல்லை" என்று சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார். "ஆனா தங்கச்சி, எங்களுக்குப் போஸ்டர் இல்லை. போன ஹாலில ஆக்கள் எங்களைப் பற்றி என்ன சொல்லினமோ அதை வச்சுத்தான் அடுத்த ஃபோன் வரும்."

அவரிடம் ஒரு நோட்டு இருந்தது. போன ஹால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம், என்ன பிரச்சினை வந்தது, அடுத்த முறை என்ன செய்ய வேண்டும் என்று. எங்கள் பக்கத்தைக் காட்டச் சொன்னேன். என் பெயர் இருக்கும், திட்டு இருக்கும் என்று நினைத்தேன். ஒரே வரி. 'விளக்குக்குத் தனி ஸ்டூல் கேட்கவும்.'

மறுநாள் காலை கடை திறந்ததும் ஒரு மடக்கு ஸ்டூல் வாங்கி, அவர் தங்கியிருந்த ஹோட்டலில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த வாரம் சான் ரமோனிலிருந்து போட்டோ அனுப்பினார். ஸ்டூல் மேல் விளக்கு. பக்கத்தில் பழுதுபார்த்த கறுப்புப் பெட்டி, மேலே ஒன்றும் போர்த்தாமல், எழுத்துத் தெரியும்படி. இந்தப் பனிக்காலத்தில் ஓர் ஆங்கிலக் குழுவோடு பஸ்ஸில் சுற்றுகிறார், அந்த ஸ்டூல் இப்போது அவர் டீ வைக்கவாம்.

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் போன மாதம் டாலஸ் சங்கத்திலிருந்து ஒரு தோழி என்னை அழைத்தாள். "அந்தக் கனடா அம்மாவை பொங்கலுக்கு புக் பண்ணலாம்னு இருந்தோம். உங்க ஆனுவல் ரிப்போர்ட் பாத்தேன், அவ்வளவு மோசமா?" நடந்ததை முழுதாகச் சொன்னேன். புக் பண்ணிவிட்டார்கள். அவள் என்னைக் கேட்டாள், அந்த ஒரு வேலை பிழைத்தது. கேட்காமலே விட்ட சங்கங்கள் எத்தனையோ?

நிகழ்ச்சி முடிந்துவிட்டது. இனி யார் பிழை என்று பேசலாம், பேச வேண்டும். என் பங்கை இங்கே பேசிவிட்டேன், வாய்மூடி டார்ச் பிடித்த அந்த இருபத்திரண்டு நிமிடத்தையும் சேர்த்து. இன்றும் ஏதாவது மேடையில் சத்தம் தெளிவாக வந்தால் என் தலை தானாகப் பின்னால் திரும்புகிறது, அங்கே யார் இருக்கிறார் என்று பார்க்க. தலைவர் அவர்களே, அடுத்த மாதம் நம் பொதுக்குழு, அதே ஆடிட்டோரியம், அதே பேச்சாளர் மைக். நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். உண்மை தெரிந்த பிறகும் அந்த வரியை ஏன் எழுதினீர்கள்? மைக்கைப் பிடித்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பதில் சொல்லுங்கள்.