கொண்டைக்கு அளவெடுத்த தொப்பி

பயணம் என்று எழுதுகிறவர்கள் காசிக்கோ இமயமலைக்கோ போய் வந்து எழுதுவார்கள். நான் போனது திண்டுக்கல்லில் இருந்து நெய்க்காரப்பட்டிக்கு. எழுபது கிலோமீட்டர் இருக்கும். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் தண்ணீர் குடிக்கப் போவதுபோல் நழுவிவிடுவேன். அப்படிப்பட்டவன் எழுத உட்கார்ந்ததே அதிகப்படி. பொறுத்துக்கொள்ளுங்கள்.

திண்டுக்கல்லில் எனக்கு நூல், பட்டன், லேஸ் விற்கிற சின்னக் கடை. கம்பளி நூலும் உண்டு. எங்கள் ஊர் வெயிலுக்கு அதை யாரும் உடுத்த வாங்குவதில்லை. வாசல் தோரணத்துக்கும் பிள்ளைகளின் கைவேலைக்கும்தான் போகும். வாங்க வருகிற பெண்களைப் பார்த்துப் பார்த்து நானும் பின்னக் கற்றுக்கொண்டேன். ஆள் இல்லாத மத்தியான நேரத்தில் பின்னுவேன். யாராவது படியேறினால் கல்லாவுக்கு அடியில் போட்டுவிடுவேன்.

என் தங்கை செல்வியை நெய்க்காரப்பட்டியில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவள் மகள் கனடாவில் இருக்கிறாள், எட்டு மாதக் கர்ப்பம். பிரசவம் பார்க்க செல்வி கிளம்புகிறாள் என்றதும் அவளுக்கு ஒரு குளிர்த் தொப்பி பின்ன ஆரம்பித்தேன். தலைச் சுற்றளவைப் போனில் கேட்டேன். இருபத்தைந்து அங்குலம் என்றாள்.

“அம்புட்டுப் பெரிய தலையா உனக்கு?”

“கொண்டையையும் சேத்துல்ல அளந்தேன். அத எங்க கழட்டி வைக்கிறது?”

சரிதான் என்று, கொண்டை உட்காரப் பின்பக்கம் இடம் விட்டே பின்னினேன். கருநீல நூல். நடுவில் மஞ்சளும் பச்சையும் வரி வரியாக. சுற்றிலும் கனகாம்பர நிறத்தில் ஏழு பூ. ஒரே கண்ணியில் நூலை ஐந்து தடவை வாங்கி ஒன்றாக இறுக்கினால் மொட்டுபோலப் புடைக்கும். அப்படி ஐந்து மொட்டு சேர்ந்தால் ஒரு பூ. கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் பூ என்று தெரியும்.

கார்த்திகை மாதம், புதன்கிழமை காலை எட்டரை மணிக்குத் திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் பழனி வண்டியில் ஏறினேன். டிக்கெட் நாற்பத்தெட்டு ரூபாய். மறுநாள் காலை செல்வி விமானம் ஏறக் கோயம்புத்தூருக்குக் கிளம்புகிறாள். ஏழாவது பூவில் இரண்டு மொட்டு பாக்கி. வெட்கத்தைப் பார்த்தால் வேலை முடியாது என்று மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

நடத்துநர் தொப்பியைப் பார்த்தார். “அண்ணே, கொடைக்கானல் வண்டி அந்தப் பக்கம் நிக்குது.”

முன் இருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நூல் உருண்டை ஓடிவிடாமல் இருக்க ஒரு தூக்குவாளிக்குள் போட்டு, மூடி இடுக்கு வழியாக நூலை எடுத்துப் பின்னுவது என் வழக்கம். பக்கத்தில் ஒட்டன்சத்திரம் போகிற அம்மாள் ஒருவர் செத்த நேரம் அந்த வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, என்ன வெஞ்சனமுங்க? நூலு நூலா வருதே, இடியாப்பமா?”

மூடியைத் திறந்து காட்டினேன்.

“அட, கம்பளிங்களா. வீட்டுல அம்மணிக்கா?”

“தங்கச்சிக்குங்க. கனடா போகுது.”

“போனவங்க எங்கீங்க திரும்பறாங்க? எங்க பக்கத்து வீட்டு அக்கா பேரனப் பாக்கப் போச்சு. நாலு வருசமாச்சு, வீடு பூட்டியே கெடக்குது.”

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு ஊசி நின்றுவிட்டது. ஆறு மாதத்தில் வந்துவிடுவேன் என்றுதான் செல்வி முதலில் சொல்லியிருந்தாள். இப்போது மகள், குழந்தையை வளர்த்துக் கொடுத்துவிட்டுப் போ என்கிறாளாம். அதற்கு செல்வி இன்னும் பதில் சொல்லவில்லை.

ரெட்டியார்சத்திரம் தாண்டினால் முன்பெல்லாம் சாலையின் இருபக்கமும் புளியமரங்கள் கை கோத்து நிற்கும். சாலையை அகலப்படுத்தியபோது போய்விட்டன. சின்ன வயதில் இதே வழியில் அப்பாவோடு பழனிக்குப் போவோம். ஜன்னல் ஓரம் செல்விக்குத்தான். அம்மாவுக்கு நூல் மில்லில் காலை ஷிப்ட் என்பதால் செல்விக்குத் தலை பின்னிவிடுவது என் வேலை. ரெட்டை ஜடை, மடித்துக் கட்டி ரிப்பன். பிடரியில் ஒரு கைப்பிடிக்கு அடங்காத முடி. பள்ளிக்கூடத்துப் பையன்கள் என்னைச் ‘சவுரி’ என்று கூப்பிட்டார்கள். பழனியில் எனக்கு மொட்டை போட்ட அன்று, அவளுக்கும் போடலாம் என்று அப்பா சொன்னதற்கு, அடிவாரத்தில் மண்ணில் புரண்டு அழுதாள். அவளுக்கு முடியிறக்காமலேயே திரும்பினோம். வீடு வரும்வரை அவள் தன் தலையில் இருந்து கையை எடுக்கவில்லை.

ஒட்டன்சத்திரத்தில் வெங்காய வாசனை வண்டிக்குள் வந்தது. அந்த அம்மாள் இறங்கிக்கொண்டார். ஆயக்குடியில் ஜன்னலுக்கு நேராகக் கொய்யாப் பழம் நீட்டினார்கள். பை முப்பது ரூபாய். செல்விக்குப் பிடிக்கும் என்று ஒன்று வாங்கினேன். பழனி மலை தெரிந்தபோது ஏழாவது பூ முடிந்திருந்தது. அங்கிருந்து டவுன் பஸ்ஸில் பன்னிரண்டு ரூபாய், பதினொன்றரைக்கு நெய்க்காரப்பட்டி.

மாப்பிள்ளை, அதாவது செல்வியின் வீட்டுக்காரர், தென்னந்தோப்பு வாசலில் நின்றார்.

“வாங்க மச்சான். உள்ள போய்ப் பாத்துப் பயந்துறாதீங்க. நாயே ரெண்டு தடவ கொலச்சுருச்சு.”

செல்வி கதவருகில் வந்தாள். மொட்டைத் தலை. சந்தனம் இன்னும் ஈரமாக இருந்தது.

காலையில்தான் அடிவாரத்தில் இறக்கியிருக்கிறாள். மகளுக்கு இதற்கு முன்னால் இரண்டு தடவை கரு தங்காமல் போனது. இந்த முறை எட்டு மாதம் நின்றதற்கு வேண்டுதல்.

“ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல, செல்வி.”

“சொன்னா நீ வேணாம்பே. பைல என்ன?”

“கொய்யாப்பழம்.”

அவள் கொய்யாவை விட்டுவிட்டுத் தொப்பியை எடுத்தாள். பூக்களை ஒவ்வொன்றாகத் தடவினாள். தலையில் போட்டாள். அது நேராக இறங்கி மூக்கில் போய் நின்றது.

உள்ளிருந்து குரல் வந்தது. “அண்ணே, கரண்டு போயிருச்சா?”

மாப்பிள்ளை தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் மறுநாள் காலை ஆறு மணிக்குக் கார் வருகிறது. முழுவதும் பிரித்துப் பின்ன நேரம் கிடையாது.

சாப்பிட்டதும் இன்ச் டேப் கேட்டேன். இருபத்தொன்று. நாலு அங்குலம் அதிகம். பள்ளிக்கூடப் பாவாடைக்கு அடியில் மடிப்பு வைத்துத் தைத்து, பிள்ளை வளர வளரப் பிரித்து விடுவோம் இல்லையா, அது நினைவுக்கு வந்தது. தொப்பியின் பின்பக்கத்தை உள்ளே மடித்து மூன்று தையல் போட ஆரம்பித்தேன். வெள்ளை நூலில் போட்டால் பிரிக்கும்போது கண்ணுக்குத் தெரியும். செல்வி பக்கத்தில் உட்கார்ந்து கொய்யாவை உப்பு மிளகாய்ப்பொடி தொட்டுத் தின்றாள்.

“முடி கொஞ்சம் மொளச்சதும் மொதத் தையலப் பிரி. காத மறைக்கிற அளவு வந்ததும் ரெண்டாவது.”

“ஒரு பூ உள்ள போயிருச்சே. அது எப்ப வெளிய வரும்?”

“மூணாவதப் பிரிச்சா. அது கொண்ட போடுறப்ப.”

மாப்பிள்ளை மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தார். “கொண்ட வர ரெண்டு வருசம் ஆகுமுங்க. அது வரைக்கும் அங்கியேவா?” என்றார். கேலியாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது குரல் கீழே போய்விட்டது.

நான் மூன்றாவது தையலைப் போட்டேன். தேவைக்கு மேலேயே முடிச்சுப் போட்டேன் என்று நினைக்கிறேன். செல்வி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“இத எப்படிண்ணே பிரிக்கிறது? கத்திரியே நுழையாது போலருக்கு.”

“கஷ்டந்தான்.”

தொப்பியை வாங்கிப் போட்டுப் பார்த்தாள். புருவத்துக்கு மேல் சரியாக நின்றது. பின்னால் கை வைத்து, உள்ளே போன பூவை மடிப்போடு சேர்த்து அமுக்கிப் பார்த்தாள்.

“மூணாவத நீயே பிரி. ரெண்ட மட்டும் நான் அங்க பாத்துக்கிறேன்” என்றாள். பிறகு புருசனைப் பார்த்து, “மாட்ட வித்துக்கித்துப் போடாதீங்க, வந்து எண்ணுவேன்” என்றாள்.

மறுநாள் காலை ஆறேகாலுக்குக் கார் கிளம்பியது. நான் ஏழரை மணி வண்டியைப் பிடித்துத் திண்டுக்கல் வந்து கடையைத் திறந்தேன்.