அட்டெண்டரின் கிருமி

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒன்பது வருடமாக எல்லோரும் கொன்றுகொண்டிருந்தது அட்டெண்டரின் கிருமியைத்தான். அவருடைய சொத்தைப் பல்லிலிருந்து எடுத்து, வளர்த்து, உறைபெட்டியில் போட்டு வைத்திருந்தோம். கிராம்பு எண்ணெய், பட்டை எண்ணெய், ஓம எண்ணெய் என்று, கிருமி வளர்த்த கண்ணாடித் தட்டில் எதைச் சொட்டினாலும் சுற்றிலும் வட்டமாகச் செத்துப்போகும். மறுநாள் அந்தத் தட்டுகளைக் கழுவுவதும் அவரே. "இன்னிக்கு நம்ம ஆளுங்க எத்தனை பேரும்மா?" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் என்னைக் கேட்பார்.

என் ஆராய்ச்சியில் கடைசி எண்ணெய் ஒன்றுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து உறைபெட்டி பழுதாகி மூன்று நாள் கிடந்தது. கிருமி மொத்தமும் போய்விட்டது. வேறொருவர் கிருமி என்றால் எல்லா எண்ணெயையும் முதலிலிருந்து சோதிக்க வேண்டும். மறுபடி எடுக்கலாம் என்றால் அட்டெண்டருக்கு இப்போது பல்லே கிடையாது. அவர் பல்செட்டைப் பஞ்சால் துடைத்து எடுத்து வளர்த்துப் பார்த்தேன். தட்டு கழுவுகிற அதே கெடுபிடியோடு அதையும் கழுவுகிறவர் என்பதால் ஒன்றும் வளரவில்லை.

"இந்தக் கிருமி ஊட்டிவிடுறவங்க வாயிலேர்ந்துதான் குழந்தைக்குப் போகும். நீங்க சாப்பிட்ட கரண்டியால யாருக்காவது ஊட்டியிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

அவர் ஒரே தட்டை வெகுநேரம் தேய்த்தார். மனைவி போன பிறகு மகளை ஒற்றை ஆளாக வளர்த்தவர். சூடு பார்க்கிறேன் என்று ஒவ்வொரு வாயையும் தான் தொட்டுப் பார்த்துத்தான் ஊட்டினாராம். அந்த மகள் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டாள். இவர் வீம்பாக அந்தக் கல்யாணத்துக்குப் போகவில்லை. பேச்சு நின்று நாலு வருடம். அதை நினைத்து அவர் வருந்தாத நாள் இல்லை என்பது லேப்பில் எல்லோருக்கும் தெரியும்.

"ஒரு தடவை துப்பினா போதும். நானே போய் வாங்கிட்டு வந்துடறேன்" என்றேன்.

"நானும் வர்றேன்" என்றார்.

மகள் கதவைத் திறந்தாள். அப்பாவைப் பார்த்தாள். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. நாலு வருடம் கழித்து அவர் பேசிய முதல் வார்த்தை, "இதுல கொஞ்சம் துப்பும்மா" என்பதுதான். பாட்டிலை நீட்டினார்.

நான் விஷயத்தை விளக்கினேன். அவள் முகத்தில் எதையும் காட்டாமல் கேட்டுவிட்டு, துப்பி மூடிக் கொடுத்தாள். "அவ்வளவுதானே?"

"இல்லம்மா" என்று அட்டெண்டர் முந்திக்கொண்டார். "மூணு தடவை எடுக்கணும். வாரத்துக்கு ஒண்ணு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் பாட்டிலில் தேதி எழுதிக்கொண்டிருந்தேன்.

"மூணு போதுமாப்பா?" என்றாள்.