மேல்சபையில் நின்ற கண்டெய்னர்

துபாய் சத்வாவில் டெய்லர் கடையில் நின்றுகொண்டிருந்தேன். ஜாக்கெட்டின் கை பிடிக்கிறது, துவைத்ததில் சுருங்கிவிட்டது என்று நான் சாதித்துக்கொண்டிருந்தேன். சுருங்கியது துணி இல்லை என்பதை மரியாதையாக எப்படிச் சொல்வது என்று தெரியாமல் டெய்லர் பாய் முழித்துக்கொண்டிருந்தார். அப்போது போன் அடித்தது.

“அக்கா! பாஸ் ஆயிடுச்சுக்கா!”

முருகேசன். அவன் போட்ட சத்தம் கடை முழுக்கக் கேட்டது. பாய்க்குத் தமிழ் தெரியாது, ‘பாஸ்’ மட்டும் புரிந்துவிட்டது. “பச்சா பாஸ் ஹோ கயா? முபாரக் ஹோ!” என்றார், முகமெல்லாம் பல்லாக.

பாஸ் ஆனது பிள்ளை இல்லை... அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி மசோதா. இதை என் அரைகுறை இந்தியில் எப்படி விளக்குவது? “ஷுக்ரியா பாய்” என்று வாழ்த்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இது நடந்தது ஜூலையில். போன வாரம்தான் ஒரு வழியாக எங்களுக்கு மூச்சு வந்தது.

வாஷிங்டன் எங்கே, ஜெபல் அலித் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அரியலூர்ப் பக்கத்து முருகேசன் எங்கே... அவனுக்கும் அமெரிக்க மசோதாவுக்கும் என்ன சம்பந்தம் என்றுதானே கேட்கிறீர்கள்? இருங்கள், சொல்கிறேன்.

நான் சரக்கு அனுப்பும் கம்பெனியில் வேலை பார்ப்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். கப்பலில் இடம் பிடிப்பது, பேப்பர் வேலை முடிப்பது, சுங்கத்தோடு மல்லுக்கட்டுவது — இதுதான் என் பிழைப்பு. எங்கள் வாடிக்கையாளர்களில் ஒரு தொண்டு நிறுவனம் உண்டு. ஜெபல் அலியில் அவர்களுக்கு ஒரு பெரிய கிடங்கு. கூடாரம், போர்வை, தண்ணீர் கேன் எல்லாம் அடுக்கி வைத்திருப்பார்கள். எங்கேயாவது வெள்ளம், பூகம்பம், சண்டை என்றால் இங்கிருந்து கிளம்பும். முருகேசன் அங்கேதான் டியூட்டி.

இந்த வருடம் அந்தக் கிடங்கில் ஒரு வரிசை முழுக்க அட்டைப்பெட்டிகள். உள்ளே சத்துப் பசை. நிலக்கடலை, பால் பவுடர், எண்ணெய், சர்க்கரை எல்லாம் சேர்த்து அரைத்து, கைக்குள் அடங்கும் பாக்கெட்டில் அடைத்தது. அடுப்பு வேண்டாம், தண்ணீர் வேண்டாம். மூலையைக் கிழித்துக் கொடுத்தால் குழந்தை அப்படியே உறிஞ்சிவிடும். பசியில் எலும்பும் தோலுமாகிவிட்ட குழந்தைகூட இதைத் தின்று சில வாரத்தில் தேறிவிடுமாம். நானும் ஒரு தடவை ருசி பார்த்தேன். உருகிய கடலை மிட்டாய் மாதிரி இருந்தது.

போக வேண்டிய இடம் செங்கடலுக்கு அந்தப் பக்கம், சண்டை ஓயாத ஒரு நாடு. பசை ரெடி. பெட்டிகளை வாங்கப் பணம் முன்பே வந்துவிட்டது. ஆனால் கப்பல் கூலியும், அங்கே இறங்கியபின் லாரி வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோகும் செலவும்? அந்தப் பணம் புது மசோதாவில் இருந்தது.

இதற்கு நடுவில் இன்னொரு தலைவலி. காலாவதித் தேதிக்கு ஆறு மாதமாவது மிச்சம் இல்லாத உணவை அந்த நாட்டுச் சுங்கம் உள்ளே விடாது. பெட்டியில் அச்சடித்த தேதி ஒன்று, எங்களுக்கு உண்மையான கெடு அதற்கு ஆறு மாதம் முன்னால். அந்த நாள் தாண்டிவிட்டால், நல்ல பசையாகவே இருந்தாலும் அழிக்க வேண்டியதுதான்.

கிடங்குப் பொறுப்பு நளாயினி அக்கா. யாழ்ப்பாணம். அதிர்ந்து பேசாத மனுஷி. ஆனால் ஒரு பெட்டியை யாராவது தலைகீழாக வைத்துவிட்டால் போதும், வார்த்தையே இல்லாமல் ஒரு பார்வை பார்ப்பார்... கிடங்கே நேராகிவிடும். அன்று முருகேசன் போனை வைத்த கையோடு அக்காவின் போனும் வந்தது.

“தங்கச்சி, காசு பாஸாகீட்டுதாம். விடிய ஏத்துவம். வாற கப்பலை விட்டால் பிறகு ஒரு கிழமை போயிடும்.”

“அக்கா, அங்கே இன்னொரு சபை இருக்குன்னு சொல்வாங்களே?”

“முருகேசனைக் கேட்டனான். அது தேவையில்லையாம்.”

இங்கேதான் நம்ம ஆளின் மேதாவித்தனத்தைச் சொல்ல வேண்டும். முருகேசன் ஊரில் குரூப்-2 பரீட்சைக்கு வருடக்கணக்கில் உட்கார்ந்து படித்தவன். மூன்று முறை எழுதினான். வேலைதான் கிடைக்கவில்லை, அரசியலமைப்பு அத்தனையும் மண்டையில் அப்படியே இருக்கிறது. “பண மசோதாக்கா! மக்களவை பாஸ் பண்ணிட்டா முடிஞ்சது. மாநிலங்களவை யோசனைதான் சொல்லலாம், தடுக்கவே முடியாது” என்று எனக்கும் வகுப்பு எடுத்தான். சொன்னது அட்சர சுத்தமாகச் சரி. நாடுதான் தப்பு!

நளாயினி அக்காவுக்கும் சந்தேகம் வரவில்லை. ஏன் வரும்? “எங்கட நாட்டில பார்லிமெண்ட் ஒண்டுதானே, அங்க பாஸ் பண்ணினால் சரிதானே” என்றார். நாங்கள் மூன்று பேரும் பிழைக்க வந்த ஊரிலோ, காலையில் அறிவிப்பு வந்தால் சாயங்காலம் அங்கே ஜேசிபி நிற்கும். ஆக, இந்தியச் சட்டம், இலங்கை அனுபவம், துபாய் வேகம் — மூன்றையும் கலந்து அமெரிக்க மசோதாவை நாங்களே சட்டமாக்கிவிட்டோம்.

காலியான குளிர்பதன கண்டெய்னர் ஏற்கெனவே யார்டில் நின்றது; கப்பல் பக்கம் போனால்தான் அதற்குக் கரண்ட். கப்பலில் இடம் பிடித்தேன். விடிவதற்குள் பையன்கள் ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். நான் போய்ச் சேரும்போது கதவு மூடப் போகிற நேரம். முருகேசன் பர் துபாயிலிருந்து லட்டு வாங்கி வந்திருந்தான். ஏசி இல்லாத ஜூலைக் காலையில், வியர்வை சொட்டச் சொட்ட எல்லோரும் லட்டு சாப்பிட்டோம்.

அப்புறம்தான் நளாயினி அக்கா மெயிலைத் திறந்தார்.

வாஷிங்டனில் இந்த உதவியைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி ஒரு சின்னப் பெண். நாங்கள் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் எழுதியிருந்தாள். “செனட் எண்டு மேல்சபை ஒண்டு இன்னும் இருக்காம். அங்கயும் பாஸாகும் வரைக்கும் ஒரு சதமும் செலவழிக்கேலாதாம். தயவுசெய்து அனுப்பிப் போடாதேங்கோ எண்டு எழுதியிருக்கிறாள்.” வாசிக்கும்போதே அக்காவின் குரல் இறங்கிவிட்டது.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கரண்ட் இல்லாத அந்த இரும்புப் பெட்டிக்குள் பசை ஒரு பகல் கிடந்தால் எண்ணெய் பிரிந்துவிடும், அத்தோடு எல்லாம் போச்சு. பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணிவரை கோடையில் வெளியே வேலை செய்யவும் கூடாது, அது இந்த ஊர்ச் சட்டம்.

“கலாஸ்... முடிஞ்சது, இறக்குங்கடா” என்று முதலில் கண்டெய்னருக்குள் ஏறியது முருகேசன்தான். யாரும் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஆபீஸ் செருப்போடு நானும் வரிசையில் நின்று பெட்டி கைமாற்றினேன். குளிர்கிடங்கில் கடைசிப் பெட்டியை வைத்துவிட்டு அவன் சுவரைப் பார்த்து நின்றான். இத்தனைக்கும் அது யார் வீட்டுக் குழந்தைக்கோ போகிற பெட்டி...

அன்றிலிருந்து முருகேசன் அமெரிக்க நாடாளுமன்றத்தைப் படிக்க ஆரம்பித்தான். குரூப்-2க்குக்கூட அப்படிப் படித்திருக்க மாட்டான். டீ பிரேக்கில் பாடம் நடக்கும். நானும் போனால் கேட்பேன். நமக்கும் தெரிய வேண்டாமா?

அவன் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன். முதலில் அதிபர் ஒரு பட்ஜெட் அனுப்புவார். அது வெறும் விருப்பம். அப்புறம் கீழ்ச்சபையில் ஒரு துணைக்குழு, அதற்கு மேல் பெரிய குழு, அதற்கும் மேல் முழுச் சபை. ஒவ்வொரு இடத்திலும் ஒருவர் ஒரு வரியை வெட்டுவார், இன்னொருவர் ஒரு நிபந்தனையைச் சேர்ப்பார். செனட்டிலும் இதே துணைக்குழு, இதே பெரிய குழு, இதே சண்டை. பணமாக இருந்தாலும் செனட்டுக்குச் சம அதிகாரம். இரண்டு சபையும் இரண்டு மாதிரி எழுதியிருந்தால், உட்கார்ந்து பேசி ஒரே வாசகமாக்கி, இரண்டிலும் மறுபடி ஓட்டு. அதன்பின் அதிபர் கையெழுத்து. அப்பாடா, சட்டம்!

“அப்ப காசு வந்துரும்ல?” என்று ஒருவன் கேட்டான்.

“எங்க? சட்டம் ஆனப்புறம் துறைக்குப் பிரிக்கணும், துறை திட்டத்துக்குப் பிரிக்கணும், அப்புறம் ஒப்பந்தம்... மெதுவாத்தான் வரும்.”

ஆகஸ்டில் செனட் லீவு என்று செய்தி வந்தது. கிடங்கே கொதித்துவிட்டது. ஒரு பையன் முருகேசனைப் பிடித்துக்கொண்டான். “என்னண்ணே லீவு? நாம ரெண்டு வருஷத்துக்கு ஒருக்க ஊருக்குப் போகணும்னாலே மாத்தாளு, ரிலீவர் வந்தாத்தான் பாஸ்போர்ட்ட கையில குடுப்பேங்குறான். அவங்களுக்கெல்லாம் ரிலீவர் ‘மாஃபி’யா, யாருமே இல்லையா?” நியாயமான கேள்விதானே? பதில் உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

செப்டம்பர் கடைசியில் அவர்களுடைய நிதி ஆண்டு முடிந்தது. மசோதா முடியவில்லை. ‘கொஞ்ச நாளைக்குப் பழைய அளவிலேயே ஓட்டுங்கள், புதிதாக எதையும் ஆரம்பிக்காதீர்கள்’ என்று ஒரு தற்காலிக ஏற்பாடு செய்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். எங்கள் கண்டெய்னர் அந்தப் ‘புதிதில்’ மாட்டிக்கொண்டது. சுங்கம் விடாத அந்த நாளோ நெருங்கிக்கொண்டே இருந்தது.

அன்றைக்குத்தான் நளாயினி அக்கா வாஷிங்டனுக்கு நேரடியாகப் போன் போட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். கெஞ்சவில்லை, கோபப்படவும் இல்லை. நிதானமான ஆங்கிலத்தில் பேசி முடித்துவிட்டு என்னிடம் தமிழில் சொன்னார்.

“சண்டை நேரம் நாங்கள் வன்னியில இருக்கேக்க, கப்பல் வருது, கப்பல் வருது எண்டு சொல்லுவினம் தங்கச்சி. நானும் என்ரை மூத்தவனைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போவன். சில நாள் வரும். சில நாள் வராது. வராத நாள் பிள்ளைக்கு என்ன சொல்லுறது? அதைத்தான் அந்த வாஷிங்டன் பிள்ளைக்குச் சொன்னனான். வேற ஒண்டும் கேக்கேல்லை.”

எத்தனை வருடப் பழக்கம்... இதை அக்கா என்னிடம் சொன்னதே இல்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தப் பெண் அதிகாரியையும் நான் குறை சொல்ல மாட்டேன். மசோதாவை அவளா நிறுத்தி வைத்திருக்கிறாள்? அவள் நாற்காலியே ஆடிக்கொண்டிருக்கிற காலம் இது. இருந்தும் விடவில்லை. பழைய கணக்குகளைக் கிண்டிக் கிளறி ஒன்றைப் பிடித்தாள். இரண்டு வருடம் முன்பு சட்டமான ஓர் உதவி மசோதா. அதில் வேறொரு நாட்டுக்கு ஒதுக்கி, வேலை நடக்காமல் மிஞ்சிய பணம். செலவழிக்கக் கெடு இன்னும் முடியவில்லை. இன்னார் இன்னாரிடம் ஒப்புதல் வாங்கி, கடைசியில் மெயில் போட்டாள்: அனுப்பலாம்.

போன வாரம் ஏற்றினோம். இந்தத் தடவை லட்டு இல்லை. மெயிலை அக்கா இரண்டு முறை படித்துக் காட்டிய பிறகுதான் முருகேசன் வண்டிச் சாவியையே கையில் எடுத்தான். டிரக் கேட்டைத் தாண்டியதும் ஒருத்தன் விசிலடித்தான் பாருங்கள்... நளாயினி அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கப்பல் போய்ச் சேரும்போது சுங்கத்தின் கெடுவுக்குச் சில நாட்கள் மிச்சம் இருக்கும்.

யோசித்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. மூன்று மாதமாக நாங்கள் கண் கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்த மசோதா இன்னும் செனட்டிலேயே இருக்கிறது. எங்கள் பெட்டியைக் கடலேற்றியது, என்றோ யாரோ வாதாடி, விட்டுக்கொடுத்து, ஓட்டுப்போட்டு நிறைவேற்றிய ஒரு சட்டம். அன்று அங்கே கையைத் தூக்கியவர்களுக்கு இந்தப் பசையும் தெரியாது, இந்தக் குழந்தைகளையும் தெரியாது. அவர்களுக்கு ஒரு நன்றி சொல்லலாம் என்றால், யாரென்று எனக்கும் தெரியாது.

நேற்று பேப்பர் வேலையாகக் கிடங்குக்குப் போனேன். டீ பிரேக். எல்லோரும் போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முருகேசன் மட்டும் ஓரமாக உட்கார்ந்து செனட் செய்தியைத் தேடிக்கொண்டிருந்தான்.

“நம்ம பெட்டிதான் கப்பல் ஏறிடுச்சே முருகேசா... இன்னும் எதுக்கு அதைப் பார்த்துட்டு இருக்கே?”

அவன் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“போனது பழைய காசுக்கா. இந்தக் காசுல சாப்பிடப் போற குழந்தை இன்னும் பொறக்கவே இல்ல... அது பொறக்குறதுக்குள்ளயாவது பாஸ் பண்ணிருவாங்களா?”