அந்தப் பேரில் இங்கன யாரும் இல்லை

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல், நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில் ரவிக்கைத் துணி அளந்துகொண்டிருந்தேன். துக்கம் சொல்ல வந்த ஆள் படி ஏறாமல் கீழேயே நின்று, “அண்ணாச்சி, தெற்கு ரத வீதி அம்மா தவறிட்டாவ” என்றான். கெஜக்கோலைக் கீழே வைத்தேன். எதுவரை அளந்தேன் என்பது மறந்துபோயிற்று. என் மகளின் மாமியார், பாத்திரக்கடை வீட்டுக் கோமதி அக்காள், போய்விட்டார். அஞ்சு வருஷமாக நான் சீராட்டி வளர்த்த பகை, ஆளில்லாமல் நடுக்கடையில் நின்றது.

அவரை அறிந்தவர்கள் இதைப் படிக்கிறவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். குத்துவிளக்கு வாங்கப் போய், உள்கட்டிலிருந்து வந்த குரலுக்குப் பயந்து ஒரு தவலையும் சேர்த்து வாங்கி வந்தவர்கள் இருப்பீர்கள். கணவர் காலமானபின், அமாவாசை முழுக்குக்குத் தவிர, அவர் தெருவாசலுக்கே வருவதில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். அவரைப் பற்றி நல்லது சொல்ல நீங்கள் இருக்கிறீர்கள். என்னிடம் இருப்பது ஒரு வழக்கு. அதைச் சொல்லத்தான் எனக்குத் தெரியும்.

வழக்கு ஒரு பேரைப் பற்றியது. என் மகள் பேர் வெயிலுகந்தாள். எங்கள் பூர்வீகம் சாத்தான்குளத்துக்குத் தெற்கே, செம்மண் தேரிக்காட்டின் ஓரம். அங்கே எங்கள் குலத்து அம்மனுக்குக் கூரை கிடையாது. ஒருமுறை ஓலை வேய்ந்தார்கள், காற்று கொண்டுபோயிற்று. இன்னொருமுறை வேய்ந்தார்கள், தீப்பிடித்தது. அவளுக்கு வெயில்தான் உகப்பு என்று விட்டுவிட்டார்கள். வெயிலை விரும்பி ஏற்றவள், அதுதான் பொருள். பொருள் நன்றாக இருந்தாலும் பேர் வைக்க ஆள் இல்லை. அந்தப் பேர் வைத்த பெண்ணுக்குத் தலைமேல் கூரை தங்காது என்று ஊரில் ஒரு பயம்.

நான் வைத்தேன். பிலவ வருஷத்துக் கத்திரி வெயிலில், நட்ட நடு மத்தியானம் பிறந்தாள். அதைவிடப் பெரிய காரணம், நான் நாலாம் பாரத்தோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். யாரிடமும் இல்லாத ஒரு பேரை வைத்துவிட்டால் நானும் நாலு எழுத்துப் படித்தவனாகத் தெரிவேன் என்று நினைத்தேன். நாங்கள் குடியேறிய டவுணில் கோயில் அம்மன் பேரே காந்திமதி, அந்தப் பேருக்குப் பஞ்சமே இல்லை. ஆனித் தேரோட்டத்துக் கூட்டத்தில் “ஏட்டி காந்திமதி” என்று கூப்பிட்டால் பாதிப் பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

அக்காள் பிறந்ததும் எங்கள் வகையறாவில்தான். நான் பிறப்பதற்கு முன்பே டவுணுக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டவர். முறைக்கு எனக்கு அக்காள் என்பதால்தான் அவர் மகனுக்குப் பெண் கொடுத்தேன். பரிசம் போட்ட அன்று மகள் பேரைச் சொன்னபோது, நீட்டிய வெற்றிலைத் தட்டைக் கொடுக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டார். பேரின் அழகில் மயங்கிவிட்டார் என்று நான் நினைத்துக்கொண்டேன். கல்யாணம் முடிந்து மகள் அந்த வீட்டு வாசல்நடை ஏறும்போது உள்ளேயிருந்து அவர் குரல் மட்டும் வந்தது.

“வெயிலு நடைக்கு வெளியவே நிக்கட்டும். இனிமே இவ காந்திமதி.”

அவ்வளவுதான். டவுணில் காந்திமதிகள் போதாதென்று என் மகளையும் சேர்த்துக்கொண்டார். சபையோர் பந்தியில் இலை போட்டாயிற்றா என்று பார்க்கப் போய்விட்டார்கள். புகுந்த வீட்டில் பேர் மாற்றுவது புதிதா என்ன? எனக்கு மட்டும் சாப்பாடு இறங்கவில்லை. இறங்காமலே மூன்று முறை பாயசம் வாங்கினேன் என்று என் மனைவி சொல்லுவாள். அன்று பந்தியில் சபதம் செய்தேன். பேரைப் பிடுங்கிய அந்த வாயாலேயே, அந்த வீட்டுக்குள்ளேயே, அந்தப் பேரைச் சொல்ல வைக்க வேண்டும்.

வெள்ளிதோறும் சாப்பாட்டு நேரத்தில் கடையிலிருந்து போய் அந்த வீட்டுக்கு எதிரே தெருவில் நிற்பேன். “ஏட்டி வெயிலுகந்தா” என்று தொண்டை கிழியக் கூப்பிடுவேன். பக்கத்தில் பொரிகடலை விற்கிறவன், “அண்ணாச்சி, அம்மன் கோயில் கொடைக்கு வரி பிரிக்கியளா?” என்று கேட்பான். மகள் வரமாட்டாள். தெருவாசலுக்கே வராத அக்காள்தான் வருவார், ஒவ்வொரு தடவையும்.

“அந்தப் பேருல இங்கன யாரும் இல்ல தம்பி. காந்திமதி இருக்கா. கூப்பிடட்டா?”

“எனக்குக் காந்திமதின்னு மக கிடையாது.”

“அப்பம் போயிட்டு வாரும்.”

மகளுக்கென்று கொண்டுபோன முறுக்குப் பொட்டலத்தைத் திரும்பி வரும் வழியில் நானே தின்பேன். ஒரு வெள்ளி சளி பிடித்துக் குரல் எழும்பவில்லை. அன்றும் வந்தார். “இன்னைக்குத் தொண்ட கம்முதே. சுக்கு வச்சுக் குடியும்” என்றார். கிண்டல் என்று எடுத்துக்கொண்டு, சுக்கு குடிக்காமல் பத்து நாள் இருமினேன்.

தெருவில் கத்துவது போதவில்லை. பிள்ளைக்குச் சட்டைத்துணி எடுக்க வருகிறவர்களிடம், “பொம்பளப் பிள்ளையா? வெயிலுகந்தான்னு வையுங்க, அரைக் கெஜம் கூடத் தாரேன்” என்று ஆரம்பித்தேன். “ஓய், துணி விக்க வந்தீரா, பேரு விக்க வந்தீரா?” என்று முதலாளி கேட்டார். அவருக்குத் தெரியாமல் விற்றேன். அரைக் கெஜத்துக்காகக் கூரைப் பயத்தை விட்டவர்கள் உண்டு. ஆற்றங்கரை ஊர்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பேர் முளைத்தது. பிறகு என்னைக் கேட்காமலே வைக்க ஆரம்பித்தார்கள். புதுப்பேர் என்றால் ஜனங்களுக்கு ஓர் ஆசைதானே.

ஓர் ஆடி அமாவாசையன்று குறுக்குத்துறைப் படித்துறையில் அக்காள் முங்கி எழுந்த நேரம், மேல்படியில் ஒருத்தி, “வெயிலுகந்தா, தண்ணிக்குள்ள போவாதட்டி” என்று தன் பிள்ளையை அதட்டினாள். கீழ்ப்படியிலிருந்து வேறொருத்தி வேறொரு பிள்ளையை அதே பேர் சொல்லிக் கூப்பிட்டாள். அக்காள் ஈரச்சேலையோடு அசையாமல் நின்றார். நான் தர்ப்பணத்தைப் பாதியில் விட்டுவிட்டு அந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பிதிர்கள் மன்னிக்க வேண்டும்.

“ஆத்துக்குள்ளயும் விட்டுட்டீரா தம்பி?”

“இன்னும் விடுவேன் அக்கா. கடல் வரைக்கும் போவும்.”

அவர் சிரித்தார். பழி வாங்குகிறவனுக்கு அதைவிட அவமானம் வேறு உண்டா?

மகளிடம் முறையிட்டேன். “எய்யா, நீங்க ரெண்டு பேரும் எம்பேர வச்சு மல்லுக்கட்டுதிய. எனக்கு உலையில அரிசி போட நேரமில்ல” என்று சொல்லிவிட்டாள்.

இந்த மார்கழியில் அக்காள் படுக்கையில் விழுந்தார். பார்க்கப் போனேன். பகையாளி என்றாலும் முறை இருக்கிறதல்லவா. ஒரு பகல்பொழுது, கட்டிலருகே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

“தம்பி, தெருவில போயி நின்னு ஒருக்கக் கூப்பிடும்.”

“யார?”

“எப்பமும் கூப்பிடுவீருல்லா, அவளத்தான்.”

“அந்தப் பேருல யாரும் இல்லன்னு நீங்கதான சொன்னிய?”

“இருந்தா. வெயிலுகந்தா. பதினோரு வயசுல இந்த நடை ஏறினா. அன்னைக்கே எம்மாமியா பேர வாங்கி வச்சிக்கிட்டு, கோமதின்னுட்டா. எங்கய்யா துண்ட உதறித் தோள்ல போட்டுட்டு வண்டி ஏறிட்டாரு. எனக்காவ ஒருத்தரும் தெருவில வந்து நிக்கல.”

“அப்பம் எம்மக பேர ஏன் எடுத்திய?”

“எங்கிட்டப் பிடுங்கின பேர இன்னொருத்தி இதே வீட்டுல சொகமா வச்சிக்கிடுததா? பொறுக்கல.” மூச்சு வாங்கிக்கொண்டார். “நீரு கூப்பிட்டப்பல்லாம் வாசலுக்கு வந்தேம்லா. உமக்கு அது வெளங்கலயே.”

தெருவுக்குப் போனேன். பொரிகடலைக்காரன் ஏதோ கேட்க வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டான். கூப்பிட்டேன். உள்ளிருந்து, பிசிறில்லாமல், பதில் வந்தது.

“இங்கன இருக்கேன்.”

பதினாறாம் நாள் கருமாதியில் புரோகிதர் இறந்தவர் பேரும் கோத்திரமும் கேட்டார். மாப்பிள்ளை கோமதி என்று ஆரம்பித்தார். நான் பின்னாலிருந்து, கடையில் விலை சொல்லும் குரலில், “வெயிலுகந்தாள்” என்றேன். “உயிரோட இருக்கவ பேரல்லா சொல்லுதீரு, உமக்குப் புத்தி பேதலிச்சுட்டா?” என்று ஒரு பெரியவர் எழுந்தார். அதற்குள் என் மகள், மாமியார் பேரை உச்சரிக்காத மருமகளாக, “எய்யா சொன்னதுதான் அத்தை பேரு. அதையே சொல்லுங்க” என்றாள். எள்ளும் தண்ணீரும் அந்தப் பேருக்கு விழுந்தன. பேரைப் பிடுங்கிய அந்தப் பழைய மாமியார் எந்த லோகத்தில் இருந்தாலும் அது காதில் விழுந்திருக்க வேண்டும். விழட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன்.

இனி அந்த வீட்டில் என் மகளை அந்தப் பேரால் யாரும் கூப்பிட முடியாது. பெற்ற தாயின் பேரைச் சொல்லிப் பெண்டாட்டியை வெந்நீர் கேட்க எந்த மகனுக்கு நாக்கு எழும்? அவள் காலமெல்லாம் காந்திமதிதான். அக்காள் செத்தும் என்னை ஜெயித்துவிட்டார்.

எனக்கென்று அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தப் பகையைத்தான். அதை விட மனமில்லை, ஆளை மட்டும் மாற்றியிருக்கிறேன். பதினோரு வயதுப் பிள்ளையின் பேரை நடையிலேயே விட்டுவிட்டு, துண்டை உதறிக்கொண்டு வண்டி ஏறினாரே, அந்தத் தகப்பன் மேல் வைத்திருக்கிறேன். அவர் மாதிரி வண்டி ஏறுகிற எல்லாத் தகப்பன்மார் மேலும்தான். உங்கள் மகளுக்கு நடையில் பேர் மாற்றினால் தெருவில் போய் நின்று கூப்பிடுங்கள். யார் வாசலுக்கு வருகிறார்கள் என்று பாருங்கள். தொண்டை கம்மினால் சுக்கு வைத்துக் குடியுங்கள்.